பெஞ்சுல உட்கார்ந்த அப்பா: தீம் பார்க் டூர் குடும்பத்துக்கு வொர்த்தா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வியை இன்னிக்கு எடுத்துக்கலாம். ஒரு குடும்பம் மொத்தமா கிளம்பி, பெரிய தீம் பார்க்குக்குப் போய், ஒரே நாள்ல ஐந்து இலக்கத்துல செலவு பண்றது வொர்த்தா? வழக்கம்போல நம்ம பதில் வரலாறு வழியாத்தான் வரும். ஆனா ஆரம்பம் எங்க வீட்டுக் கதை.

எங்க சித்தப்பாவுக்கு அடி அண்ணாமலையில கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்னக் கடை இருக்கு. லெமன் சோடா, தண்ணி பாட்டில், சுண்டல். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்குன்னா, அடி அண்ணாமலை அதுக்கு நேர் பின்னாடி, மேற்குப் பக்கம். 14 கிலோமீட்டர் கிரிவலத்துல கால் வலிக்க ஆரம்பிக்கிற இடம் அது. அதனால கடைக்கு நல்ல வியாபாரம். பௌர்ணமிதான் அவங்களுக்குச் சம்பளத் தேதி. சித்தி பல வருஷமா பௌர்ணமி ராத்திரி தூங்கினதே இல்ல.

போன வருஷம், ஒன்பதாவது படிக்கிற என் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டா. "ஊரே நம்ம ஊருக்கு டூர் வருது. நாம எங்கயாவது போயிருக்கோமா?" வீட்டுல யாருக்கும் பதில் இல்ல. அவ கேட்டது தீம் பார்க். சித்தப்பா நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆறு பேருக்கு டிக்கெட், வேன் வாடகை, சாப்பாடு. கிட்டத்தட்ட ரெண்டு பௌர்ணமி லாபம். "இது தேவையா?"ன்னு என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். குடும்பத்தோட பெரிய பயணம் போறது என்னிக்குமே சீப்பா இருந்ததில்ல. 1896-ல வெங்கடராமன்னு ஒரு 16 வயசுப் பையன் மதுரையில இருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். பின்னாடி ரமண மகரிஷின்னு உலகமே கூப்பிட்ட அதே பையன். அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த 5 ரூபாயில 3 ரூபாய் எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயை வீட்டுலயே வெச்சுட்டுப் போனான். திண்டிவனம் வரைக்கும் ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. இப்போ நாம ஒரு சின்னப் பெருக்கல் போடுவோம். அதே டிக்கெட்டை ஐந்து பெரியவங்களுக்கு எடுத்தா 14 ரூபாய் 1 அணா, அதுவும் போறதுக்கு மட்டும். ஏறக்குறைய மூணு காலேஜ் ஃபீஸ்!

அப்போ சாதாரணக் குடும்பங்கள் எப்படிப் போனாங்க? நடந்தாங்க, மாட்டு வண்டி கட்டினாங்க, கட்டுச்சோறு எடுத்துக்கிட்டாங்க. முக்கியமா, ஒரே பயணத்துல பல வேலையை முடிச்சாங்க. கார்த்திகை தீபத்தோட சேர்ந்து திருவண்ணாமலையில மாட்டுச் சந்தையும் நடக்கும். சாமியும் கும்பிடலாம், மாடும் பிடிக்கலாம், வர்ற வழியில சொந்தக்காரங்க வீட்டுல பொண்ணும் பார்க்கலாம். குழந்தைங்களுக்கு ராட்டினம். "இந்தச் செலவு எதுக்கு?"ன்னு யாராவது கேட்டா மூணு நாலு பதில் கையில இருக்கும். வெறும் சந்தோஷத்துக்காகன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணு கவனிங்க. திருவிழாவுக்கு கேட் கிடையாது. உள்ள வர்றதுக்குக் காசு இல்ல, ஏறுற ராட்டினத்துக்கு மட்டும்தான் காசு. பொழுதுபோக்குக்கு வேலி போட்ட கதைக்கு அமெரிக்கா போவோம். 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சியில ஜார்ஜ் ஃபெரிஸ் 264 அடி உயரத்துக்கு ஒரு ராட்சச ராட்டினத்தை நிறுத்தினார். ஒரு தடவை ஏற 50 சென்ட். நம்ம பொருட்காட்சியில பார்க்கிற ஜெயன்ட் வீலுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. ரெண்டு வருஷம் கழிச்சு, நியூயார்க் கோனி ஐலண்ட்ல பால் பாய்டன்னு ஒருத்தர் தன்னோட ஸீ லயன் பார்க்கைச் சுத்தி வேலி அடைச்சு, வாசல்லயே காசு வாங்க ஆரம்பிச்சார். நாம இன்னிக்கு தீம் பார்க் வாசல்ல கட்டுற நுழைவுக் கட்டணத்துக்கு அதுவும் ஒரு முன்னோடி.

அடுத்தது வால்ட் டிஸ்னி. லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிஃபித் பார்க்னு ஒரு இடம். டிஸ்னி தன்னோட ரெண்டு மகள்களையும் அங்க குடை ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போவார். பசங்க சுத்துவாங்க, இவர் பெஞ்சுல உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிடுவார். பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து அனுபவிக்கிற மாதிரி ஒரு இடம் ஏன் இல்லைன்னு அப்போதான் யோசிச்சதா அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலை 17-ல டிஸ்னிலேண்ட் திறந்துச்சு. நுழைவுக் கட்டணம் பெரியவங்களுக்கு 1 டாலர், ரைடுகளுக்குத் தனி டிக்கெட். ஒரே டிக்கெட்ல எல்லா ரைடும்ங்கிற முறைக்கு அவங்க முழுசா மாறினது 1982-ல.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1984-ல டெல்லியில அப்பு கர், 1989-ல மும்பையில எஸ்ஸெல் வேர்ல்ட். 1995-ல தாம்பரம் பக்கத்துல கிஷ்கிந்தா. 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டினது அது. 2000-ல கொச்சி பக்கத்துல வீகாலேண்ட், பின்னாடி வொண்டர்லாவா மாறினது. நைன்டீஸ் கிட்ஸ் நிறைய பேருக்கு ஸ்கூல் எக்ஸ்கர்ஷன்னாலே கிஷ்கிந்தாதான். ஆனா ஸ்கூலோட போறது வேற, குடும்பத்தோட போறது வேற.

ஏன்னா குடும்பத்துல எல்லாரும் ஒரே உயரம் கிடையாது. நாங்க போன அன்னிக்கு (பௌர்ணமி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, நான் லீவு போட்டேன்) முதல் பிரச்சினையே உயரம்தான். பெரிய ரைடு வாசல்ல ஒரு அளவுப் பலகை. ரெண்டாவது படிக்கிற தம்பி அதுக்குக் கீழ நின்னு எக்கிப் பார்த்தான், எட்டல. தங்கச்சியும் நானும் மேல போனோம். சித்தப்பா தம்பியோட ஒரு பெஞ்சுல உட்கார்ந்தார். மேல இருந்து பார்க்கும்போது எனக்கு டிஸ்னி ஞாபகம்தான் வந்துச்சு. இவ்வளவு காசு கட்டி, கடைசியில அப்பா அதே பெஞ்சுலதான்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? க்யூவுல 40 நிமிஷம், ரைடு 2 நிமிஷம். அப்போ நிமிஷத்துக்கு எவ்வளவு ரூபாய்னு மனசுல கணக்கு ஓடிட்டே இருந்துச்சு. தண்ணிக்குள்ள இறங்கணும்னா நைலான் டிரஸ் வேணும்னாங்க, அதுக்கு வாடகை. லாக்கருக்கு வாடகை. மதியத்துக்குள்ள சித்தப்பா முகம் இறுகிடுச்சு.

மூணு மணிக்கு அலைக்குளம். வாடகை டிரஸ்ல வெட்கப்பட்டுக்கிட்டே சித்தி இறங்கினாங்க. ஆயா படியில உட்கார்ந்து காலை மட்டும் நனைச்சாங்க. தம்பிக்கு அங்க உயரத் தகராறு இல்ல. முதல் அலை வந்து அடிச்சதும் சித்தி கத்தின சத்தத்துல சித்தப்பா எழுந்து வந்துட்டார். லைஃப்கார்டு விசில் அடிக்கிற வரைக்கும் ஆறு பேரும் அந்த இடத்தை விட்டு நகரல. திரும்பி வரும்போது வேன்ல சித்தி சொன்னாங்க: "இன்னிக்கு ஒரு நாள் யாருக்கும் சில்லறை குடுக்கல."

எனக்குப் பதில் அங்கதான் கிடைச்சுது. சித்தி வருஷம் முழுக்க அடுத்தவங்க டூர்ல வேலை பார்க்கிறவங்க. அன்னிக்கு ஒரு நாள் அவங்க விருந்தாளி. என் நிமிஷக் கணக்குல அதுக்கு காலமே இல்ல.

அதுக்காக எல்லாரும் கடன் வாங்கிக் கிளம்புங்கன்னு சொல்ல மாட்டேன். ராட்டினம் மட்டும் போதும்னா தீவுத்திடல் பொருட்காட்சி இருக்கு. குடும்பமா ஒரு நாள் சேர்ந்து இருந்தா போதும்னா, 2024 மே மாசத்துல சென்னை பீச்ல இருந்து திருவண்ணாமலைக்கு ரயில் தொடங்கினாங்க, அப்போ டிக்கெட் 50 ரூபாய். இறங்கி மலையைச் சுத்துங்க. தீம் பார்க்தான் வேணும்னா, புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. கடைக்குட்டியோட உயரத்தை அளந்து, அவன் ஏறக்கூடிய ரைடு எத்தனைன்னு எண்ணுங்க. அப்புறம், அம்மா அப்பா பெஞ்சை விட்டு எழுந்து வர்ற மாதிரி அங்க ஒரு இடமாவது இருக்கான்னு பாருங்க. அப்படி ஒரு இடம் இருந்தா காசு வீண் இல்ல. இல்லேன்னா டிஸ்னி உட்கார்ந்த அதே பெஞ்சுக்கு நீங்க டிக்கெட் எடுக்கறீங்க.

சித்தப்பா இன்னும் "செலவு ஜாஸ்திதான்"னு சொல்லிட்டு இருக்கார். ஆனா கடையில, காலண்டருக்குப் பக்கத்துல, அலைக்குளத்துல எடுத்த போட்டோவை லேமினேட் பண்ணி மாட்டியிருக்கார். அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போனா, அடி அண்ணாமலையில நின்னு ஒரு சோடா குடிங்க. குடுக்கறவங்க கிட்ட, "நீங்க எங்கயாவது டூர் போனீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.