மதுரையை மீட்டார், பிறகு?



'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' படம் உண்மை வரலாறுதானா என்று பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம். 1978 பொங்கலுக்கு வந்தது. அகிலனின் 'கயல்விழி' நாவலைத் தழுவிய கதை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஆறு மாதம் கடந்திருந்தது. கதாநாயகனாக அவர் நடித்து முடித்த கடைசிப் படம் இதுதான்.

வாள்சண்டைப் படம் என்றால் நம் ஊருக்குத் தனிப் பிரியம். மர்மயோகி (1951), மதுரை வீரன் (1956), நாடோடி மன்னன் (1958), ஆயிரத்தில் ஒருவன் (1965) என்று பார்த்து வளர்ந்த ஊர். நாடோடி மன்னன் வெற்றி விழாவில் அவருக்குத் தங்க வாளே கொடுத்த ஊர். அப்படிப்பட்ட ஊரின் பெயரையே தலைப்பில் வைத்த படம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆயிரத்தில் ஒருவனை எடுத்த பி.ஆர்.பந்துலு தொடங்கிய படம் இது. அவர் 1974இல் காலமாகிவிட, எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார். அறுபதைத் தாண்டியவர் இளவரசராக வாள் வீசுகிறார். பழைய துள்ளல் இல்லை. காலமும் மாறிவிட்டது. ஹாங்காங்கில்கூட அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த சீன வாள்வீச்சுப் படங்களை எழுபதுகளில் புரூஸ் லீயின் வெறுங்கைச் சண்டை ஓரம் தள்ளிவிட்டது.

ஆனால் வரலாற்று ஆசிரியனான என் மனக்குறை வேறு. மீட்டதைத் தலைப்பு சொல்கிறது. மீட்டபின் நடந்ததைக் கல்வெட்டுகள்தான் சொல்கின்றன.

மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரைக்குள் புகுந்து, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். அந்த அவமானத்துக்குப் பழி தீர்த்தவர்தான் 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். (1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் வேறு. பரீட்சையில் நீங்கள் குழப்பியது நினைவிருக்கிறதா?)

அவர் தஞ்சையையும் உறையூரையும் எரித்தார். மாளிகைகளை இடித்து, அந்த நிலத்தைக் கழுதை பூட்டி உழுததாக அவருடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. ஆயிரத்தளியில் சோழரின் மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, தில்லைக்குப் போய்க் கூத்தனை வணங்கினார். பிறகு பொன்னமராவதியில் இருந்தபோது, நாடிழந்த குலோத்துங்கன் வந்து பணிய, முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் 'சோணாடு வழங்கியருளிய' என்ற பட்டம்.

கருணையால் மட்டுமா கொடுத்தார்? இல்லை. சோழருக்குத் துணையாகப் போசளர் படை தெற்கே இறங்கியிருந்தது. மெய்க்கீர்த்தி அதைப் பேசாது. மெய்க்கீர்த்தியை எழுதியவர் அரசரின் ஆள் என்பதை மறக்கக் கூடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இதில் என் மனதைத் தொட்டது ஒன்று உண்டு. திருச்சி அருகே திருவெள்ளறையில் உள்ள ஒரு கல்வெட்டுப் பாட்டு, சோழ நாட்டில் எல்லாவற்றையும் இடித்தபோதும் ஒரு பதினாறு கால் மண்டபத்தை மட்டும் சுந்தரபாண்டியன் விட்டுவைத்ததாகச் சொல்கிறது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குப் பரிசாகக் கிடைத்த மண்டபமாம் அது. பகைவன் ஊரைக் கொளுத்திய கை, புலவனின் மண்டபத்தின் முன் நின்றுவிட்டது. எந்த வாள்சண்டைக் காட்சி இதற்கு ஈடாகும்?

பேரப்பிள்ளைகளுக்குப் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். முடிந்ததும், நம்மை ஒருவன் எரித்தான், நாமும் எரித்தோம், இரண்டு பக்கமும் வெந்தது குடிமக்களின் வீடுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மண்டபத்தின் கதையைக் கடைசியில் சொல்லுங்கள். அதுதான் அவர்கள் மனதில் தங்க வேண்டும்.