கொங்குப் போர்க்கள ஈயக்குண்டுகள்: அடையாளம் காணும் முறையும் அதன் எல்லையும்

முன்னுரை

கொங்கு நாடு 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே பலமுறை கைமாறிய நிலமாகும். 1790இல் மெடோசின் படை கோயம்புத்தூரைக் கைப்பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 13, 14 ஆகிய நாள்களில் சத்தியமங்கலம் பகுதியில் கர்னல் பிளாயிடின் படையும் திப்புவின் படையும் மோதின. 1791இல் லெப்டினென்ட் சால்மர்ஸ் காத்துநின்ற கோயம்புத்தூர்க் கோட்டை, நெடிய எதிர்ப்புக்குப் பின் நவம்பரில் மைசூர்ப் படையிடம் பணிந்தது. அடுத்த பத்தாண்டுக்குப் பின் தீரன் சின்னமலை இதே நிலத்தில் கம்பெனியை எதிர்த்தார். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். எனவே, இங்குக் கிடைக்கும் ஓர் ஈயக்குண்டைத் 'திப்புவின் குண்டு' என்றோ 'சின்னமலையின் குண்டு' என்றோ கூறுவதற்கு எது சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எடையும் விட்டமும்

கம்பெனிப் படையினர் ஏந்திய 'பிரவுன் பெஸ்' வகைத் துப்பாக்கியின் குழல்விட்டம் சுமார் 19 மி.மீ.; அதன் குண்டு சுமார் 17.5 மி.மீ. விட்டமும் 31 கிராம் அளவு எடையும் உடையது. பிரெஞ்சு 'சார்லெவில்' துப்பாக்கியின் குழல்விட்டம் 17.5 மி.மீ.; குண்டு சுமார் 16 மி.மீ., 24 முதல் 25 கிராம். மோதி நசுங்கிய குண்டின் விட்டத்தை நேரடியாக அளக்க இயலாது. ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம் ஆதலால், கிராம் எடையின் கனமூலத்தை 5.52ஆல் பெருக்கினால் மூல விட்டம் மி.மீ. அளவில் ஏறத்தாழக் கிடைக்கும். 31 கிராம் குண்டுக்கு அது 17.3 ஆகும். வார்ப்பின் காற்றுக்குமிழிகளால் உண்மை விட்டம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

எனினும் விட்டம் துப்பாக்கியைச் சுட்டுமேயன்றிச் சுட்டவரைச் சுட்டாது. மைசூர்ப் படையில் பிரெஞ்சு மாதிரித் துப்பாக்கிகளோடு திரித்துப்பாக்கிகளும் வழங்கின. 1780இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை வீழ்ந்தபோது கம்பெனியின் ஆயுதங்களும் மைசூர் வசமாயின. மேலும், சிறிய பிரெஞ்சுக் குண்டு பெரிய பிரிட்டிஷ் குழலில் நுழையும். பிரிட்டிஷ் குண்டு பிரெஞ்சுக் குழலில் நுழையாது. ஆகவே 16 மி.மீ. குண்டு ஒன்றைக் கொண்டு மட்டும் மைசூர் வீரனை அடையாளப்படுத்துவது பொருந்தாது.

பாசறையும் போர்க்களமும்

வார்ப்புக் கோடும் வார்ப்புத் தண்டின் எச்சமும் தெளிவாக உள்ள குண்டு பெரும்பாலும் சுடப்படாதது. அத்தகையவை உருகிய ஈயத் துளிகளோடு ஓரிடத்தில் குவிந்திருப்பின் அங்குக் குண்டு வார்த்த பாசறை இருந்ததெனக் கருதலாம். குழலில் உராய்ந்த பட்டையும் தட்டையான முகமும் உடைய குண்டுகள் மோதல் நிகழ்ந்த இடத்தைக் குறிக்கும். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1984இல் தொடங்கிய உலோகங்காட்டி ஆய்வு, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் வரைபடத்தில் பதித்ததால்தான் 1876ஆம் ஆண்டுப் போரின் நகர்வுகளை மீட்டெடுக்க முடிந்தது.

முடிவுரை

ஈயம் சுமார் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். அடுப்பு நெருப்பே அதற்குப் போதும். ஈயமாக விற்றால் ஒரு குண்டு சில ரூபாயே பெறும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளையே ஆட்சியருக்கு அறிவிக்கச் சொல்கிறது. ஆனால் குண்டின் வரலாற்று மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை. அது கிடந்த இடத்தில் உள்ளது. கிடைத்த இடம், ஆழம், எடை, உடன்கிடைத்த பொருள்கள் ஆகிய நான்கும் பதிவானால் மட்டுமே சத்தியமங்கலம் முதல் ஓடாநிலை வரையிலான களங்களைப் பற்றிய வாய்மொழி மரபைக் கம்பெனி ஆவணங்களோடு ஒப்புநோக்க இயலும். பதிவின்றி எடுக்கப்பட்ட குண்டு யாருடைய பெயரையும் தாங்கும், எதையும் மெய்ப்பிக்காது.