ஊர் கொடுத்த நாலு காசு

சாரல் காலத்தில் ஐந்து கிளைகளாக விழும் ஐந்தருவியின் நீர் கீழே ஒன்றாகி ஓடும் காட்சி நமக்குப் புதிதன்று. நம் அரசுப் பள்ளிகளின் வளர்ச்சியும் அத்தகையதே. அரசின் பொருள், ஆசிரியரின் உழைப்பு, பெற்றோரின் பாடு, ஊராரின் கொடை, பிள்ளைகளின் முயற்சி ஆகிய ஐந்தும் கூடியபோதுதான் கல்வி செழித்தது. இவற்றுள் ஊராரின் பங்கை இன்று பலரும் மறந்து வருகிறோம். அதனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1954ஆம் ஆண்டு முதலமைச்சர் பொறுப்பேற்ற பெருந்தலைவர் காமராசர், பசித்த வயிறே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விரட்டுகிறது என்பதைக் கண்டுகொண்டார். 1956-57ஆம் கல்வியாண்டில் மதிய உணவுத் திட்டம் உருப்பெற்றது. பாரதி பிறந்த எட்டயபுரம் அதன் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். அவ்வூர் அன்று நமது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது என்பது நமக்குப் பெருமை.

அத்திட்டம் அரசின் பணத்தால் மட்டும் நடைபெறவில்லை. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு ஆன செலவு பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசு தந்தது. மீதி நாலு காசை ஊர் தந்தது. காசு இல்லாதவர் அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்தனர். கொடுத்தவருள் பலர் தாமே பள்ளி வாசலை மிதிக்க வாய்க்காதவர்கள்!

அந்நாளில் பொதுக் கல்வி இயக்குநராக விளங்கியவர் திரு. நெ. து. சுந்தரவடிவேலு. அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கின. பின்னர் அவை மாநிலமெங்கும் பரவின. நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை எனத் தத்தம் பள்ளிக்குத் தேவையானவற்றை ஊரார் மனமுவந்து வழங்கினர். கொடுத்ததனால் அது அவர்கள் பள்ளியாயிற்று. தம் பள்ளி என்றானபின் தம் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்க யாருக்கு மனம் வரும்?

நமக்கு அண்டையிலுள்ள செங்கோட்டை, திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1ஆம் நாள் நம் மாநிலத்தோடு இணைந்தது. அவ்வூர் எஸ்.ஆர்.எம். அரசு பெண்கள் பள்ளியில் படித்த விவசாயி மகள் திருமதி நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராகவும் உயர்ந்தார். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட அக்கலம், பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 சனவரி 6ஆம் நாள் அடைந்தது. அரசுப் பள்ளி என்று இளக்காரமாகப் பேசுவோருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

1982இல் சத்துணவுத் திட்டமும் 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தன. பிள்ளைகளின் பசியாற்றும் செலவை இன்று அரசே ஏற்கிறது. ஆகவே நம் கடமை தீர்ந்தது என்று எண்ணலாகாது. அன்று ஊர் கொடுத்தது காசு மட்டுமன்று. கண்காணிப்பும் அக்கறையும் சேர்த்தே கொடுத்தது. அவ்விரண்டையும் எந்த அரசாணையாலும் வழங்க இயலாது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு வழி வகுத்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஆனால் கூட்ட நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் சட்டம் என்ன செய்யும்?

பங்கு மக்களே! நம் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டில் ஒருமுறையேனும் சென்று வருவோம். பெற்றோர் குழுக் கூட்டத்தில் அமர்வோம். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவோம். எழுத்தறியாத நம் முன்னோர் நாலு காசு கொடுத்தனர். அதன் பயனாய் எழுதப் படிக்கக் கற்ற நாம் நாலு மணி நேரமாவது கொடுக்கலாகாதா?