டிஜிட்டல் புகைப்படப் பேரளவு அச்சு

டிஜிட்டல் காமிராவில் பிக்செல்களாகப் பதிவான பிம்பத்தை, ஏறத்தாழ 24 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள தாளில், வர்ணமும் நுட்பமும் குன்றாமல் அச்சிடுவதற்காகச் செப்பனிடும் முறைகள் யாவும் இத்தலைப்பில் அடங்கும். கணினித் திரை தானே ஒளி வீசுவதாகவும், தாள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை மட்டும் திருப்பித் தருவதாகவும் இருப்பதால், திரையில் கண்ட தோற்றம் முழுவதும் தாளில் இறங்குவது இயலாத காரியம். ஆகவே எந்தத் தாள், எவ்வளவு பெரிய படம், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது, எத்தகைய வெளிச்சத்தில் மாட்டுவது என்னும் நான்கையும் உத்தேசித்து, எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது இக்கலையின் சாரமாயிற்று. 1990-க்குப் பிறகு இத்துறையில் நிகழ்ந்த அபிவிருத்திகளுள் பெரும்பாலானவை, அத்தீர்மானத்தை ஊகத்தினின்றும் மீட்டு அளவைக்கு உட்படுத்த எழுந்த முயற்சிகளே.

முன்வரலாறு

பெரிய படங்களை ஆக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. நியூயார்க் நகரத்துக் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கோடக் நிறுவனம் 1950 முதல் 1990 வரை ‘கலராமா’ என்னும் பெயரால் காட்டிவந்த வர்ணப் படங்கள், 18 அடி உயரமும் 60 அடி நீளமும் உடையனவாய், பட்டை பட்டையாகத் தயாரித்து இணைக்கப்பெற்று, பின்புறமிருந்து ஒளியூட்டப்பட்டன. இருட்டறையில் என்லார்ஜரின் ஒளிக்குக் குறுக்கே கையையோ அட்டைத் துண்டையோ பிடித்து ஓரிடத்தை வெளிறச் செய்வதும், மற்றோரிடத்துக்கு மிகுதியாக ஒளி தந்து கறுக்கச் செய்வதும், நெகட்டிவோடு அதன் மங்கலான பாசிட்டிவ் பிரதியொன்றைச் சேர்த்து வைத்து விளிம்புகளை எடுப்பாக்குவதும் பழைய தொழிலாளரின் கைத்திறமைகள். பிற்காலத்துக் கணினி நிரல்கள் இவற்றைப் பெரும்பாலும் கணிதமாக மாற்றி எழுதிக்கொண்டன.

தோற்றம்

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் இயற்றிய ‘போட்டோஷாப்’ நிரல் 1990 பிப்ரவரியில் வெளிவந்தபோது, படத்தைத் திருத்துவதற்கு வழி பிறந்ததேயொழிய, திருத்திய படத்தைத் தாளில் தகுதியாகப் பெறுவதற்குப் புகைப்படக்காரர்களிடம் சாதனம் இல்லை. அச்சகங்கள் முன்மாதிரி பார்த்துக்கொள்வதற்காக மாசசூசெட்ஸ் மாகாணத்து ஐரிஸ் கிராஃபிக்ஸ் நிறுவனம் செய்திருந்த, சுழலும் உருளையில் தாளைச் சுற்றி அதன்மேல் மைத் துளிகளைத் தெளிக்கும் இயந்திரம் ஒன்றை, இசைக் கலைஞரும் புகைப்படக்காரருமான கிரஹாம் நாஷ் 1,26,000 டாலர் விலைக்கு வாங்கி, தம் இசைக் குழுவின் சுற்றுப்பயண நிர்வாகியாயிருந்த மாக் ஹோல்பர்ட்டுடன் கூடி, கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 1991-இல் ‘நாஷ் எடிஷன்ஸ்’ என்னும் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். தடித்த ஓவியத் தாளை அது ஏற்கும்படி இயந்திரத்தின் உறுப்புகளையே இவர்கள் மாற்றியமைத்தனர். அவ்வியந்திரம் 2005-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது.

நிலைபேறு

ஐரிஸ் அச்சுகளின் பெருங்குறை, அவற்றின் சாய மை ஒளியில் விரைவாக வெளிறியமை. வர்ணப் படங்களின் ஆயுளைத் தீவிர ஒளியில் வைத்துச் சோதித்து வந்த ஹென்றி வில்ஹெல்ம், 1993-இல் அவ்விஷயம் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டு இக்கவலையைப் பரவச் செய்தார். இதன் பின்னர், கரையாத நுண்துகள்களாலாகிய நிறமி மையை எப்சன் நிறுவனம் 2000-இல், 44 அங்குல அகலத் தாளுக்குரிய இயந்திரத்தில் புகுத்தியது. ஆயுள் நீண்டதாயினும், இம்மையின் வர்ண வீச்சு குறுகியும், வெளிச்சத்துக்கு வெளிச்சம் சாயல் மாறியும் நின்றமையால், 2002-இலும் 2005-இலும் சீர்திருத்தப்பட்ட மை வரிசைகள் வந்தன. பின்னதில் மூவகைக் கறுப்பு மைகள் ஒருங்கே அமைந்தமை கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குப் பேருதவியாயிற்று.

மை தெளிப்பதற்குப் பதிலாக, லேசர் ஒளியால் வர்ணப் புகைப்படத் தாளிலேயே பிம்பத்தை எழுதும் டூர்ஸ்ட் லாம்ப்டா போன்ற இயந்திரங்களும் 1990-களில் பரவின. ரசாயன முறையில் வர்ணம் தோன்றும் புகைப்படத் தாளில் ஆக்கப்பெற்ற, ஜெர்மானியர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ (1999), ஏறக்குறைய 190 செ.மீ. உயரமும் 360 செ.மீ. அகலமும் உடையது; ஆற்றங்கரைக் கட்டிடங்களையும் மனிதர்களையும் கணினியால் நீக்கி அமைத்த அப்படம் 2011-இல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

வர்ண ஒழுங்கு

ஒரே கோப்பு இயந்திரந்தோறும் வேறு வேறு வர்ணம் காட்டிய குழப்பத்தைத் தீர்க்க, 1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச வர்ணக் கூட்டமைப்பை நிறுவின. மனிதக் கண்ணின் வர்ண உணர்வைக் குறித்து 1931-இல் வகுக்கப்பட்ட அளவைமுறையின் வழிவந்த இலக்கங்களைப் பொதுமொழியாகக் கொண்டு, ஒவ்வொரு சாதனத்தின் இயல்பையும் ‘புரோஃபைல்’ என்னும் சிறு கோப்பில் எழுதிவைப்பது இவர்கள் கண்ட உபாயம். வர்ணக் கட்டங்கள் பலவற்றை உரிய தாளில் அச்சிட்டு, கருவியால் அளந்து இது தயாரிக்கப்படுவதால், தாளோ மையோ மாறினால் புரோஃபைலும் மாறவேண்டும். 1998-இல் வந்த போட்டோஷாப் 5 இம்முறையை நிரலின் உள்ளேயே இணைத்தது.

செப்பனிடும் முறை

8 பிட் கோப்பில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளே உண்டாகையால், பெரிய படத்தில் ஆகாயம் போன்ற மென்சாயல்கள் பட்டைகளாகப் பிரிந்து தோன்றும். 16 பிட் கோப்பில் திருத்தினால் இத்தோஷம் பெரிதும் நீங்கும். 6000-க்கு 4000 பிக்செல் கொண்ட படம், அங்குலத்துக்கு 300 பிக்செல் வீதம் 20 அங்குல அகலத்துக்குப் போதும்; 60 அங்குலமாக்கினால் அவ்வீதம் 100 ஆகும். கண்ணின் சராசரிப் பிரித்தறியும் திறன் பாகையில் அறுபதில் ஒரு பங்கு எனக் கொண்டால், ஐந்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்குலத்துக்கு 60 பிக்செல்லே போதுமாயினும், கண்காட்சிக்கு வருவோர் படத்தின் அருகே சென்று பார்க்கும் இயல்பினராதலால், கணக்கிட்டுப் பிக்செல்களைப் பெருக்கும் முறைகள் வேண்டப்படுகின்றன.

கூர்மையாக்குவதை, காமிராவின் குறை தீர்த்தல், படைப்பு நோக்கம், அச்சுக்கேற்பச் சரிசெய்தல் என மூன்று கட்டங்களாகப் பிரித்து விளக்கியவர் புரூஸ் ஃபிரேசர். மை ஊறிப் பரவும் பளபளப்பற்ற தாளுக்கு இறுதிக் கட்டத்தில் மிகுதியான கூர்மை தேவை. படத்தின் முக்கியமான ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, முழு அளவிலேயே அச்சிட்டுப் பார்த்த பின்னர் முழுப் படத்துக்குச் செல்வது தேர்ந்தோர் வழக்கம். அச்சை ஒப்பிட்டு நோக்க 5000 கெல்வின் சார்ந்த ஒளியைச் சர்வதேசத் தரவிதி குறித்திருக்கிறது. ஆயினும் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குரிய படம் அவ்வீட்டின் மங்கிய வெளிச்சத்தை எண்ணிச் சற்றே வெளிச்சமாக அச்சிடப்படும்.

அளவைகள் இவ்வளவு பெருகியும், ஒரே படத்தின் பல பிரதிகளை வெளியிடும் அச்சுக்கூடங்கள், கலைஞர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு பிரதியைத் தனியே காப்பாற்றி வைத்து, பின்வரும் பிரதிகளை அதனோடு ஒப்பிட்டே தள்ளவோ கொள்ளவோ செய்கின்றன; கோப்பு எத்துணைத் திருத்தமாயிருப்பினும், பிரமாணம் தாளிலுள்ள படமே என்பது இத்தொழிலின் நியதி.