இயங்குநேரப் பாதுகாப்பு

இயங்குநேரப் பாதுகாப்பு என்பது, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை ஓட்டத்தின் நடுவிலேயே தாக்குதலிலிருந்து காக்கும் முறைகளின் பொதுப்பெயர். வாசலில் நிற்கும் ஃபயர்வால் உள்ளே வரும் தரவைத்தான் பார்க்கும். அதை நிரல் என்ன செய்கிறது என்பது உள்ளிருக்கும் காவலுக்கே தெரியும்.

இதன் தேவையை 1988 நவம்பர் 2 அன்று பரவத் தொடங்கிய, தானே பரவும் நிரலான மோரிஸ் புழு காட்டியது. யூனிக்ஸ் கணினிகளின் ஃபிங்கர் சேவை, வரும் தரவின் நீளத்தைப் பாராமல் 512 பைட் இடத்தில் எழுதி வந்தது. புழு அனுப்பியதோ 536 பைட். மிகுதி, நிரலின் தற்காலிக நினைவிடமான ஸ்டேக்கில் வழிந்து, வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்று குறித்திருந்த முகவரியின் மேல் எழுதியது. வாக்ஸ் கணினிகளில் நிரல் நேராகப் புழுவின் கட்டளைகளுக்குள் போய் விழுந்தது.

இந்த வழியை அடைக்க 1998இல் கிரிஸ்பின் கோவன் குழுவினர் ஸ்டேக்கார்டு என்ற முறையை வெளியிட்டனர். திரும்பு முகவரிக்கு முன்னால் கம்பைலர் ஓர் எண்ணை வைக்கிறது. வழிந்து வரும் தரவு அந்த எண்ணைச் சிதைக்காமல் முகவரியை எட்ட முடியாது. திரும்பும் தறுவாயில் எண் ஒப்பிடப்படும். மாறியிருந்தால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முதலில் உணர்த்திய பறவையின் பெயரே அந்த எண்ணுக்கும்: கானரி. சில கட்டளைகளே கூடுதல் செலவு. இத்தனை மலிவாக இத்தனை பயன் தந்த காவல் இத்துறையில் அரிது. ஆனால் எண் கசிந்துவிட்டால் காவலும் போயிற்று.

அடுத்து, தாக்குவோர் முகவரிகளை முன்கூட்டி அறியாதபடி, நிரலின் பகுதிகளை ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரியில் ஏற்றும் முறையை 2001இல் லினக்ஸுக்கான பாக்ஸ் திட்டம் கொண்டுவந்தது. தரவுப் பகுதியிலிருந்து கட்டளைகள் ஓடுவதை 2004இல் விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக் தடுத்தது. தாக்குவோர் ஓயவில்லை. வெளியிலிருந்து கட்டளை கொண்டுவராமல், நிரலில் ஏற்கெனவே உள்ள துணுக்குகளையே கோத்துத் தாக்கலாம் என்று 2007இல் ஹோவாவ் ஷாசம் நிறுவினார். திரும்பு முகவரிக்கு வன்பொருளிலேயே தனிப் பிரதி வைக்கும் இன்றைய செயலிகள் அதற்கான மறுமொழி.

வலைச் செயலிகளில் இதே எண்ணம் ‘ராஸ்ப்’ என்ற பெயரில் வழங்குகிறது. தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்க்யூஎல் வினவலை அது கடைசி நொடியில் பார்க்கிறது. பயனர் தட்டியது வினவலின் அமைப்பையே மாற்றியிருந்தால் மறித்துவிடுகிறது.

இவை எதுவும் பிழையைத் திருத்துவதில்லை. கானரி தாக்குதலைப் பிடித்தாலும் சேவை நின்றுதான் போகிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளிப்பட்டபோதும் இத்தகைய காவல்கள் தந்தது அவகாசம் மட்டுமே. ஓட்டையை அடைத்தது திருத்திய பதிப்புதான்.