மறைந்து வாழும் ஆசான்: இரயிம்மன் தம்பியின் பிருகன்னளையும் ஓபி-வான் கெனோபியும்

தலைமறைவாக வாழும் ஆசானை வீரகதை ஆய்வுகள் பெரும்பாலும் நாயகனுக்கு வழித்துணையாகவே கண்டிருக்கின்றன. ஜோசப் கேம்ப்பெல் 1949இல் வகுத்த சட்டகம் இதற்கு முக்கியக் காரணம். அதற்குத் தாம் கடன்பட்டதை ‘ஸ்டார் வார்ஸ்’ படைத்த ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டகத்தில் ஆசான் ஆயுதமும் அறிவுரையும் தந்துவிட்டு விலகுகிறார். அவர் ஏன் ஒளிந்திருந்தார் என்பது பின்னணிச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. இப்பார்வை போதாது என்பது என் வாதம். தான் யார் என்பதை அவர் யாரிடம் முதலில் சொன்னார், எவ்வளவு சொன்னார் என்பதை வைத்தே இந்தப் பாத்திரத்தை எடைபோட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. திருவிதாங்கூர் அரசவைக் கவிஞர் இரயிம்மன் தம்பி (1782–1856) எழுதிய மூன்று ஆட்டக்கதைகளில் ‘கீசகவதம்’, ‘உத்தராஸ்வயம்வரம்’ ஆகிய இரண்டும் மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து பிறந்தவை. ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ தாலாட்டின் புகழில் இவை பின்தங்கிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாண்டவர் மறைந்து வாழும் அஞ்ஞாதவாச ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு வனவாசம். அந்த அபாயத்தின் நடுவே அர்ச்சுனன், பிருகன்னளை என்ற பெயரில், மன்னன் விராடனின் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கிறான். பெண் ஒப்பனையில் மேடையேறும் நடிகரைப் பிருகன்னளையாகவும் அர்ச்சுனனாகவும் கதகளி ரசிகர் ஒருசேரப் பார்க்கிறார். மேடையில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியாது.

அந்தப்புரத்தில் வீரம் பேசிய இளவரசன் உத்தரன் கௌரவர் படையைக் கண்டதும் பிருகன்னளை ஓட்டிய தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகன்னளை துரத்திப் பிடித்து, சுடுகாட்டருகே நின்ற வன்னி மரத்துக்குக் கூட்டிப்போய், மறைத்துவைத்த காண்டீபத்தை எடுத்துத் தரச் சொல்கிறாள். அங்கே தன் பத்துப் பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் அர்ச்சுனன் சொல்கிறான். அரசனுக்கு முன்பே, நடுங்கி நிற்கும் இந்தப் பையனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அச்சம் தெளிந்து உத்தரன் தேரோட்டுகிறான். இன்னொன்றும் நடக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்: அரண்மனை திரும்பியபின் வெற்றி தன்னுடையதல்ல, ஒரு தேவகுமாரனுடையது என்று தந்தையிடம் சொல்லி ஆசானின் மறைவை மாணவனே காக்கிறான். முழு உண்மையைப் பெற்றவனால்தான் அதைக் காக்கவும் முடிந்தது.

2022இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘ஓபி-வான் கெனோபி’ தொடரின் ஆறு பகுதிகளிலும் இதே அமைப்பின் சாயலைக் காணலாம். பத்தாண்டுகளாக டாட்டூயின் பாலைவனத்தில் பென் என்ற பெயரில் இறைச்சி வெட்டிப் பிழைக்கும் கெனோபி, சிறுமி லேயா கடத்தப்பட்டதும் மணலில் புதைத்த ஒளிவாள்களைத் தோண்டி எடுக்கிறார். வன்னி மரம் உடனே நினைவுக்கு வரும். ஆனால் தாக்கம் என்று கூற ஆதாரமில்லை. வேறுபாடுதான் பயன் தருகிறது. பாண்டவர் மறைவுக்குக் கெடு உண்டு. போர்க்களத்தில் பீஷ்மர் அதிகமாதங்களைக் கணக்கிட்டு அது முடிந்ததென்று உறுதிசெய்கிறார். கெனோபியின் மறைவுக்குக் கெடு இல்லை. தான் வளர்த்த மாணவன் அனாக்கின், டார்த் வேடர் என்ற எதிரியாக மாறிய குற்றவுணர்வும் அவரைப் பின்தொடர்கிறது. 1977இல் வெளியான முதற்படத்தில், அனாக்கினின் மகன் லூக்கிடம் தன் பெயரை ஒப்புக்கொள்ளும் கெனோபி, அவன் தந்தையை வேடர் கொன்றுவிட்டதாகச் சொல்கிறார். 1980இல் வந்த படத்தில் வேடரின் வாயிலிருந்தே லூக் உண்மையை அறிகிறான், அதுவும் கையை இழந்த பிறகு. ஆசான் மறைத்ததை எதிரி சொல்லும் நிலை அங்கே உருவாகிறது. அவர் செய்ததை அன்பின் பொருட்டு என்று மன்னிக்கும் வாசிப்புகளை என்னால் ஏற்க இயலவில்லை.

உத்தரையின் திருமண நிகழ்வும் இதையே உறுதிப்படுத்துகிறது. அவளை மணந்துகொள்ளுமாறு விராடன் வேண்ட, ஓராண்டு அவளுக்கு ஆசானாக இருந்தவன் அதை மறுத்து அபிமன்யுவுக்குக் கேட்கிறான். மறைவில் கிடைத்த உறவை வெளிப்பட்ட பின்னும் அவன் மாற்றவில்லை. போர் மலிந்த பருவத்திலிருந்து எடுத்த ஆட்டக்கதைக்கு இரயிம்மன் தம்பி இந்தத் திருமணத்தின் பெயரைச் சூட்டியதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: உண்மை அறிந்த உத்தரன் குருட்சேத்திரத்தின் முதல் நாளே இறந்துவிடுகிறானே? சல்லியனின் வேலுக்கு அவன் பலியாவது உண்மை. ஆனால் அன்று அவன் யானைமீது நேரே சல்லியனை நோக்கிச் சென்றான். அந்த யானை சல்லியனின் நான்கு குதிரைகளையும் மிதித்துக் கொன்றது. அர்ச்சுனன் அப்போது அவன் அருகில் இல்லை.