புள்ளிக் கணக்கு

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். மடிக்கணினியைப் படம் காட்டும் கருவியோடு இணைத்து, சுவரில் ஒரு பாடத்தைக் காட்டினார்கள். எழுத்துக்களெல்லாம் குட்டையாகி, கல்யாண விருந்து உண்டவை போலப் பக்கவாட்டில் பெருத்திருந்தன. அதையாவது பொறுக்கலாம். மெய்யெழுத்தின் தலையிலிருந்த புள்ளி கரைந்து போயிருந்தது. கடைசி பெஞ்சுப் பையன் 'கல்' என்பதைக் 'கல' என்று உரக்கப் படித்தான்.

பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து வந்து பார்த்தாள். "சார், கோளாறு இந்த ஒயர்லதான். கருவி சொல்றது கணினிக்கு வந்து சேரலே. நாமதான் சொல்லணும்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் நாற்பது வருஷத்துச் சரித்திரமே அடங்கியிருக்கிறது.

யூனிக்ஸ் வம்சத்துக் கணினிகளில் திரையை ஆள்வதற்கென்று 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் 'எக்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1987இல் அதன் பதினோராம் பதிப்பு வந்தது. 1992இல் 'எக்ஸ்ஃப்ரீ86' வந்து, சாதாரண வீட்டுக் கணினியிலும் அதைக் குடியேற்றியது. அந்தக் காலத்துத் திரையோ ஊமை. தன் சக்தி என்னவென்று அதற்குச் சொல்லத் தெரியாது. மனிதன்தான் கணக்குப் போட்டு ஒரு கோப்பில் எழுத வேண்டும்.

என்ன கணக்கு? 1024க்கு 768 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு 1344 புள்ளி நேரம். கண்ணுக்குத் தெரிவது 1024. மொத்தம் 806 வரி, தெரிவது 768. மிச்சமெல்லாம் எதற்கு? வரப்போரம் வந்த ஏரைத் திருப்ப உழவனுக்கு இடம் வேண்டாமா? ஒளிக்கற்றை திரும்புவதற்கும் அப்படித்தான். வினாடிக்கு ஆறரைக் கோடிப் புள்ளி ஓடினால் படம் அறுபது தடவை புதுப்பிக்கப்படும். கணக்குத் தப்பினால் சில பழைய திரைகள் கெட்டே போகலாம் என்று கையேடுகள் எச்சரித்தன.

1994இல்தான் திரைக்கு வாய் திறந்தது. தன் அளவுகளைத் தானே கணினிக்குச் சொல்ல 'எடிட்' என்ற முறை வந்தது. பின்னர், அதே கெட்டிஸும் கீத் பாக்கார்டும் வகுத்த 'ராண்ட்ஆர்' நீட்சி 2007இல் வளர்ந்து, கணினி ஓடும்போதே புது அளவைச் சேர்க்க வழி செய்தது. அதே 2007இல் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் ஏறி, அது கிராமத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. எக்ஸுக்கும் வயதாகிவிட்டது, 2008இல் பிறந்த 'வேலாண்ட்' இப்போது அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

அன்று அந்த ஒயரில், திரையின் பேச்சைச் சுமக்கும் கம்பி அறுந்திருந்தது. திரை மறுபடி ஊமையாகிவிட்டது. அந்தப் பெண் 1280க்கு 800 என்று கருவியின் அடியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தாள். 'சி.வி.டி.' கட்டளையிடம் கணக்கைக் கேட்டு வாங்கி, 'எக்ஸ்ராண்ட்ஆர்' கட்டளையில் கொடுத்தாள். சுவர் ஒரு கணம் இருண்டு, மீண்டும் ஒளிர்ந்தது. எழுத்துக்கள் இளைத்து நிமிர்ந்தன.

"கல்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.